பரவல் தேடல் கொத்துகளில் படிகளும் அவற்றின் பெயர்களும்

உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில், ஒப்புநோக்கிய ஏட்டுப் பிரதிகளை அவற்றை உதவியோர் பெயராலும் ஊராலும் சுட்டினார். எப்படி எது என்று அறியாமல் ஒப்பீடு இயலாது. மின்னணுக் களஞ்சியங்களிலும் இத்தேவை உண்டு.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா, டிஸ்பேஸ் மென்பொருளில் அமைந்தது. டிஸ்பேஸின் தேடலுக்கு அப்பாச்சி சோலர் துணைபுரிகிறது. 'அனகாபுத்தூர் வாழைநார் நெசவு' என ஒருவர் தேடினால், சொல்லடைவு போன்றதொரு சுட்டியே விடை தருகிறது. சுட்டி பெருகும்போது, சோலர்கிளவுட் முறையில் அதனைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பல படிகளை வெவ்வேறு சேவையகங்களில் வைக்கலாம். ஒரு சேவையகம் செயலிழந்தாலும் தேடல் தடைபடாது.

படியின் பெயரில் தொகுப்பு, துண்டு, வகை, எண் ஆகியன அமைகின்றன. 2017இல் வெளிவந்த 7ஆம் பதிப்பு முதல் வகையை ஓரெழுத்து உணர்த்துகிறது. 'என்' வகை தானே சுட்டியாக்கும். 'டி' வகை மாற்றங்களைக் குறிப்பேட்டில் பதிந்து, சுட்டியைத் தலைமைப் படியிடமிருந்து பெறும். 'பி' வகை சுட்டியை மட்டும் பெறும், தலைமை ஏற்காது.

எப்படி தலைமை என்பது பெயரில் இடம்பெறுவதில்லை. தலைமைப் படி வீழ்ந்தால் வேறொன்று தேர்ந்தெடுக்கப்படும். பதவியைப் பெயரில் பொறித்தால் அன்றே பெயர் பொய்யாகும். எனவே மாறும் நிலையைச் சூகீப்பர் பதிவேடு தாங்குகிறது. '1' என்ற எண்ணைத் தலைமை எனக் கொண்டு மற்றதை நீக்குபவர், அத்துண்டின் நலமுள்ள ஒரே படியை இழக்கக்கூடும். ஆதலின் பெயரால் அடையாளம் கண்டு, பதிவேட்டில் நிலையறிந்த பின்னரே நீக்குதல் முறையாகும். படி காப்புநகலும் அன்று: பிழையாக நீக்கிய ஆய்வேட்டுப் பதிவு எல்லாப் படிகளிலிருந்தும் மறையும்.