சுவரில் மாட்டிய சரஸ்வதி

பொன்முடி ஒரு மலை. கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 1,100 மீட்டர். கல்லாறு தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறும். மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். வழியெல்லாம் பச்சைத் தேயிலை. அங்கே கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

தோட்டத்து வீடானாலும் சரி, ஊரில் உள்ள வீடானாலும் சரி, சுவரில் சாமி படம் இருக்கும். உங்கள் வீட்டில் என்ன படம்? சரஸ்வதியா? லட்சுமியா? கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். சரஸ்வதி சேலை கட்டியிருக்கிறாள். மடியில் வீணை. பக்கத்தில் மயில். பின்னால் ஆறும் மரமும் தெரிகின்றன. பழைய கோயில் சிலையில் சரஸ்வதி இப்படியா இருக்கிறாள்? இல்லை. அப்படியானால் அவளுக்கு இந்தச் சேலையைக் கட்டிவிட்டது யார்?

அவர் பொன்முடிக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். மலைக்கு நேர் மேற்கே, சமவெளியில் கிளிமானூர் என்று ஓர் ஊர். அங்கே 1848-ஆம் ஆண்டு, ஏப்ரல் 29-ஆம் தேதி ரவி வர்மா பிறந்தார்.

சிறுவன் ரவி வர்மா வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்குவான். யானை, குதிரை, ஆட்கள் என்று எதையாவது வரைவான். வேறு வீடாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பார்கள். அவன் மாமா ராஜ ராஜ வர்மாவும் ஓவியர். அவர் சுவரைப் பார்த்தார். பையனிடம் திறமை இருக்கிறது என்று கண்டுகொண்டார். தானே முதல் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

பதினான்கு வயதில் ரவி வர்மாவை மாமா திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். அப்போது அங்கே ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். அரண்மனையில் தங்கி வரைய இடம் கிடைத்தது. ஆனால் குரு கிடைப்பது எளிதாக இல்லை.

அந்தக் காலத்தில் நம் ஓவியர்கள் இலை, பூ, மரப்பட்டை, மண் இவற்றில் இருந்து வர்ணம் செய்வார்கள். வெள்ளைக்காரர்கள் எண்ணெயில் குழைத்த வர்ணத்தைக் கொண்டுவந்தார்கள். அது மெதுவாகக் காயும். காய்வதற்குள் ஒரு வர்ணத்தை இன்னொன்றோடு இழைக்கலாம். கன்னத்தின் மினுமினுப்பு, பட்டுச் சேலையின் மடிப்பு, தங்க வளையலின் பளபளப்பு எல்லாவற்றையும் நேரில் பார்ப்பது போலவே காட்டலாம். இந்த வித்தை அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கருக்குத் தெரியும். அவர் மதுரைக்காரர். ஆனால் அவர் ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தாராம்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் வரைய வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தான் வரையும்போது நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மா பார்த்தார். பிறகு தனியே உட்கார்ந்து வரைந்தார், அழித்தார், மறுபடியும் வரைந்தார். பாதிக்கு மேல் அவர் தானாகக் கற்றதுதான்.

1873-இல் ஒரு படம் வரைந்தார். ஒரு நாயர் பெண் தலையில் மல்லிகைச் சரம் சூடுகிறாள். அவ்வளவுதான் படம். அதற்குச் சென்னையில் பரிசு கிடைத்தது. வியன்னா நகரத்துக் கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. தினமும் வீட்டில் நடக்கும் காரியம்தான். அதை யாரும் அதுவரை அப்படி வரைந்து காட்டவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்போம். ரவி வர்மாவின் பாணி என்ன? தஞ்சாவூர்ப் படத்தை நினைத்துப் பாருங்கள். தங்கத் தகடு ஒட்டி, கல் பதித்திருக்கும். சாமி நடுவில் நேராக நம்மைப் பார்த்து இருக்கும். அதில் நிழல் அதிகம் இருக்காது. தூரம், பக்கம் என்ற வேறுபாடும் அதிகம் தெரியாது. ரவி வர்மா படத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து வரும். மறுபக்கம் நிழல் விழும். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். தூரத்தில் இருப்பது சிறிதாகவும் மங்கலாகவும் தெரியும். சகுந்தலை, தமயந்தி, சீதை எல்லோரும் எதிர் வீட்டுப் பெண் போல இருப்பார்கள். கதை நம் நாட்டுக் கதை. வரையும் முறை ஐரோப்பிய முறை. இரண்டையும் சேர்த்ததுதான் அவர் பாணி.

1888-இல் பரோடா மகாராஜாவிடம் இருந்து பெரிய வேலை வந்தது. புராணக் கதைகளில் இருந்து 14 படங்கள் வரைய வேண்டும். அப்போது ஒரு சந்தேகம் வந்தது. திரௌபதி என்ன உடை உடுத்தியிருப்பாள்? மலையாளத்து முண்டா? வடநாட்டுப் பாவாடையா? ரவி வர்மாவும் தம்பி ராஜ ராஜ வர்மாவும் வடக்கே பயணம் போனார்கள். ஊர் ஊராக மக்களின் உடையைப் பார்த்தார்கள். கடைசியில் பெரும்பாலும் சேலையையே தேர்ந்தெடுத்தார்கள். எல்லா ஊராரும் தன் படத்தைப் பார்த்து, இவள் நம்மவள் என்று நினைக்க வேண்டும். அதுதான் அவர் நோக்கம்.

ஆனால் அந்தப் படங்கள் எங்கே இருந்தன? அரண்மனைகளில். சாதாரண ஆள் எப்படிப் பார்ப்பது? திருவிதாங்கூரில் திவானாக இருந்த மாதவ ராவ் ஒரு யோசனை சொன்னார். படங்களை அச்சடித்தால் நாடெங்கும் போகுமே என்றார். 1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியில் இருந்து இயந்திரம் வந்தது. வேலை தெரிந்த ஆட்களும் வந்தார்கள்.

அது கல் அச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. சமையல் செய்கிறவர்களுக்கு இது தெரியும். வழவழப்பான கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள மையால் படம் எழுதுவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். அதன்மேல் அச்சு மையை உருட்டினால், எழுதிய இடத்தில் மட்டும் ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். ஒரே காகிதம் பல கற்களின் மேல் போய்வர வேண்டும். ஒரு நூல் விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். மலிவான பழைய படங்களில் இப்படி விலகிய உதடுகளை இன்றும் பார்க்கலாம்!

அச்சகம் அவருக்கு லாபம் தரவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. கடன் ஏறியது. அச்சகத்தை லோனாவ்லா பக்கத்தில் மலவ்லி என்ற ஊருக்கு மாற்றினார்கள். அப்போதும் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மன்காரரிடம் விற்றுவிட்டார்கள். 1906 அக்டோபர் 2-ஆம் தேதி ரவி வர்மா காலமானார். ஆனால் படங்கள் நிற்கவில்லை. தீப்பெட்டியிலும் துணிக்கடை விளம்பரத்திலும் ஏறின.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள் போக முடியாது. கோயில் இருக்கும் தெருவில் நடக்கக்கூட பல இடங்களில் தடை. 1936 நவம்பர் 12-ஆம் தேதிதான் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே சாமி காகிதத்தில் ஏறி வெளியே வந்துவிட்டது. வாசலில் நிறுத்தப்பட்டவரும் ஒரு படம் வாங்கித் தன் சுவரில் மாட்டலாம். பூசாரி தேவை இல்லை. யாரும் விலகிப் போ என்று சொல்ல முடியாது.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி பெரிய கலை அறிஞர். ரவி வர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையில் வேஷம் கட்டி நிற்பவர்கள் போல இருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. நம் பழைய சிற்பத்தில் உள்ள ஆழம் இதில் இல்லை என்று அவர் நினைத்தார். அது முழுவதும் தவறு அல்ல. இன்னொரு குறையும் சொல்லலாம். ரவி வர்மாவின் தேவிகள் எல்லோரும் வெள்ளைத் தோல்காரிகள். வெயிலில் வேலை செய்து கறுத்த முகம் அவர் படங்களில் குறைவு. நாடோடிக் குடும்பம் ஒன்றை அவர் வரைந்திருக்கிறார். மடியில் குழந்தையோடு சோர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயின் முகம் மனதை விட்டுப் போகாது. அப்படி இன்னும் சில வரைந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் காலண்டர் படம் என்றால் கோவில்பட்டி கொண்டையராஜு பெயரைச் சொல்வார்கள். அவர் 1898-இல் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதினார். கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அருகில்தான் சிவகாசி. அங்கே அவர் படங்கள் லட்சக்கணக்கில் அச்சாகின. ரவி வர்மாவின் சகுந்தலை வேறு எங்கோ பார்ப்பாள். கொண்டையராஜுவின் முருகன் நேராக உங்களைப் பார்ப்பார். அது பூஜைக்காக எழுதிய படம். கும்பிடுகிறவருக்குச் சாமியின் கண் வேண்டும். பின்னால் தெரியும் தூணும் மண்டபமும் நாடகத் திரையில் இருந்து வந்தவை.

பொன்முடியில் இருந்து இறங்கினால் சுமார் 60 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் நகரம். அங்கே மியூசியம் வளாகத்தில் ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் இருக்கிறது. 1935-இல் திறந்தார்கள். ரவி வர்மா படங்களுக்கென்றே அந்த வளாகத்தில் 2023-இல் தனிக் கூடமும் திறந்தார்கள். கையால் எழுதிய அசல் படங்களை அங்கே பார்க்கலாம்.

வீட்டில் இருக்கும் படத்தையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் ஓவியர் பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்கும். தூசியைத் துடைத்தால் படிக்கலாம்.