'இந்தப் பூட்டை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?' - இன்டர்வியூவுக்குக் கிளம்பும் திண்டுக்கல் இளைஞர்களின் கவனத்துக்கு!

திண்டுக்கல்லில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, சென்னைக்கும் கோவைக்கும் இன்டர்வியூவுக்கு ரயிலேறும் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் பலருடைய குறி, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. 'கோடிங் அதிகம் இருக்காது, ஈஸியா கிடைச்சிடும்' என்ற நம்பிக்கைதான் காரணம். முதல் ரவுண்டிலேயே காலை வாருவதும் அந்த நம்பிக்கைதான்.

"இந்தப் பேனாவை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்பது டெஸ்டிங் இன்டர்வியூக்களில் காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி. பேனாவுக்குப் பதிலாக, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம்.

'சாவி போட்டால் திறக்கிறதா என்று பார்ப்பேன்' என்பது பாதி பதில்தான். அது பாசிட்டிவ் டெஸ்ட். அடுத்த பூட்டின் சாவிக்குத் திறக்காமல் இருக்கிறதா? இது நெகட்டிவ் டெஸ்ட். மழையில் நனைந்தால்? ஆயிரம் முறை பூட்டித் திறந்தால்? இதற்கெல்லாம் முன்பு, 'இது பெட்டிக்கா, கோயில் கதவுக்கா?' என்று திருப்பிக் கேட்பவரே நல்ல டெஸ்டர். தேவை தெரியாமல் சோதனை இல்லை.

அடுத்து, எல்லை மதிப்பு. 18 முதல் 60 வயது வரை அனுமதிக்கும் விண்ணப்பம் என்றால் 17, 18, 60, 61 ஆகியவற்றைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். தவறுகள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் ஓரங்களில்தான்.

'சிவியாரிட்டி, பிரயாரிட்டி வித்தியாசம் என்ன?' என்ற கேள்வியும் வரும். ஒரு பிரியாணிக் கடை ஆப்பின் முகப்பில் 'பிரியாணி' என்பதே எழுத்துப்பிழையோடு இருக்கிறது. ஆர்டர் தடையின்றிப் போகிறது. அதனால் பாதிப்பு குறைவு. ஆனால், கடையின் மானம் போகிறதே... உடனே சரிசெய்தாக வேண்டும். பாதிப்பின் அளவு சிவியாரிட்டி, அவசரத்தின் அளவு பிரயாரிட்டி.

இது சாதாரண வேலையும் அல்ல. 1996 ஜூன் 4-ம் தேதி, ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. ஏரியன்-4 ராக்கெட்டின் மென்பொருள் பகுதி ஒன்றை, புதிய ராக்கெட்டின் பாதைக்கு ஏற்றபடி சோதிக்காமல் பயன்படுத்தியதே வினையானது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'பணம் கட்டினால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம்' என்று வலைவிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் நகையை அடகுவைத்து அந்தக் காகிதத்தை வாங்காதீர்கள். நிறுவனங்கள் பழைய வேலை விவரங்களையும் பி.எஃப் பதிவுகளையும் சரிபார்க்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகு சிக்கினாலும் வேலை போகும், நகையும் திரும்பாது. ஏமாந்துவிட்டால் காவல்துறையை அணுகுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால், 'தெரியாது சார். ஆனா, இப்படித்தான் கண்டுபிடிப்பேன்' என்று சொல்லுங்கள். பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பொய் சொல்லியா போவது?