முகாம் திறக்கும் முன்னே

கோடை முகாம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை பந்தலும் பாட்டும் பிள்ளைகளின் ஆரவாரமுமே. அவற்றுக்கு மூன்று வாரம் முன்பே மண்வெட்டியும் வாளியும் துடைப்பமுமாகச் சிலர் அதே இடத்தில் பாடுபட்டிருப்பர் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. இவ்வாண்டு அச்சிலருள் நானும் ஒருவன். முதுகலை வேதியியல் மாணவனாகிய நான் படித்த படிப்பு முதன்முதலில் பிறருக்குப் பயன்பட்ட இடம், விவேக் நகரில் உள்ள ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடல். அதைப் பற்றிச் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விவேக் நகரை அறியாதவர்க்கு ஒரு சொல். குழந்தை இயேசு ஆலயத்தால் பெயர் பெற்ற பகுதி அது. வியாழக்கிழமைகளில் தெருவில் கால் வைக்க இடம் இராது. ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் எனச் சுற்றுமுற்றும் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. எங்கள் குடும்பமும் அப்பாவின் கட்டட வேலையை நம்பித் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஏப்ரலில் பள்ளிகள் மூடிவிட்டால், சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்மார் தம் பிள்ளைகளை எங்கே விடுவர்? அதற்காகவே பத்து நாள் பகல் முகாம் நடக்கிறது.

சென்ற ஆண்டு அம்முகாம் நான்காம் நாளே மூடப்பட்டது. பிள்ளைகள் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. ஒரு சிறுமி மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அவள் தாய்க்கு மூன்று நாள் கூலியும் போயிற்று. சுவருக்கு வெள்ளையடித்திருந்தோம்; காகிதத் தோரணம் கட்டியிருந்தோம்; தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் எவருமில்லை.

பேடன் பவல் 1907 இல் பிரவுன்சித் தீவில் சுமார் இருபது சிறுவர்களைக் கொண்டு முகாம் நடத்தினார். அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1909 இல், இந்தியாவின் முதல் சாரணர் படை இதே பெங்களூரில்தான் தோன்றியது. முகாம் நடத்துவதில் இவ்வூருக்கு அத்தனை பழைய பழக்கம் உண்டு. அப்படியிருந்தும் எங்களுக்குக் குடிநீர் பற்றிய புத்தி ஓராண்டு தாமதித்தே வந்தது!

முதல் சனிக்கிழமை உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த ஆணி, பட்டுப்போன மரக்கிளை ஆகியவற்றை அகற்றினோம். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த வேலைதான் கடினம். திடலின் ஓரமெல்லாம் கேரட் இலை போன்ற இலையும் பொடி வெள்ளைப் பூவுமாக ஒரு செடி மண்டியிருந்தது. பெங்களூரில் இதைக் ‘காங்கிரஸ் செடி’ என்பர், நூற்பெயர் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துக் களையாகிய இது 1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிற்று. இதிலுள்ள பார்த்தெனின் என்னும் பொருள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். மகரந்தம் இளைப்பு நோயைத் தூண்டும். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்க வல்லது. இதைத் தின்று அழிப்பதற்கென்றே மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்றைக் கொணர்ந்து 1984 இல் பெங்களூரில்தான் விட்டார்கள். நல்ல வண்டுதான். ஆனால் மழைக்காலத்தில் தின்று, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் புகுந்து உறங்கிவிடும். முகாம் நடப்பதோ ஏப்ரலில்! ஆகவே வண்டின் வேலையை நாங்களே செய்தோம். கோடை மழை ஒன்று பெய்து மண் இளகிய மறுநாள், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து செடிகளை வேரோடு பிடுங்கினோம். வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். பூத்தவற்றை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். இளைப்பு உள்ள தொண்டர்களை அப்பக்கமே விடவில்லை.

இனித் தண்ணீர். 2024 கோடையில் இந்நகரின் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றியதை அன்பர்கள் மறந்திரார். அவ்வாண்டு அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பெற்றது. எனினும் அப்பள்ளிக்குக் குழாய் நீர் ஒன்றுவிட்ட நாளே வருகிறது. குறைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். இரண்டும் மொட்டைமாடியில் உள்ள 2,000 லிட்டர் தொட்டியில் கலக்கின்றன.

அத்தண்ணீர் கண்ணுக்குப் பளிங்குபோல் இருந்தது. மலத்தின் மாசு நீரில் உண்டா என்று காண எளிய குப்பிச் சோதனை ஒன்று உண்டு. இந்திய அறிவியலார் மூவர் 1982 இல் வெளியிட்டது. மருந்தூட்டிய காகிதம் உள்ள குப்பியில் நீரை நிரப்பி ஒரிரு நாள் வைத்தால், மாசுள்ள நீர் கறுக்கும். எங்கள் குப்பி மறுநாளே மை போலாயிற்று. தொட்டியை இறக்கிப் பார்த்தோம். அடியில் நான்கு விரல் சேறு, மூடி உடைந்திருந்தது, பல்லி ஒன்று செத்து மிதந்தது.

தேய்த்துக் கழுவிய பின் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். முகாமின் மூத்த தொண்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மூட்டையைக் காட்டி, “போன வருஷமும் இதையேதான் போட்டோம், தம்பி. அளந்துதான் போட்டோம்” என்றார். எனக்கோ ஐயம்.

மருத்துவ மாணவரான நண்பரிடமிருந்து ஹாராக்ஸ் பெட்டி இரவல் வாங்கி வந்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களின் குடிநீருக்காக ஆங்கிலப் படை மருத்துவர் ஹாராக்ஸ் வகுத்த முறை இது. கறுப்புக் கிண்ணம் ஒன்று, வெள்ளைக் கிண்ணங்கள் ஆறு, இரண்டு கிராம் கரண்டி. கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பவுடரைக் கரைத்துத் தெளிய விட வேண்டும். வெள்ளைக் கிண்ணங்களில் சோதிக்கும் நீரை ஊற்றி, முதலாவதில் அத்தெளிவு ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இவ்வாறு ஆறு வரை விட வேண்டும். அரை மணி கழித்து அயோடைடு சேர்த்த ஸ்டார்ச்சுக் கரைசலைச் சேர்க்க வேண்டும். அழுக்கும் கிருமியும் தின்றது போகக் குளோரின் மிஞ்சியிருந்தால் அது அயோடினை விடுவிக்கும். அயோடின் ஸ்டார்ச்சோடு கூடி நீலமாகும். முதலில் நீலமாகும் கிண்ணம் எத்தனையாவதோ, 455 லிட்டருக்கு அத்தனை கரண்டி பவுடர்.

ஆறு கிண்ணங்களும் வெள்ளையாகவே நின்றன.

நீர்தான் அவ்வளவு மோசமோ? ஆய்வுக்கூடத்து வாலைவடிநீரில் செய்து பார்த்தேன். அதிலும் நீலம் இல்லை. குற்றம் பவுடரிடம்! புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு வரை பயன்படு குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் காற்றும் பட்டால் அது பறந்துவிடும். வாய் திறந்த மூட்டையில் ஓராண்டு கிடந்தது வெறும் சுண்ணாம்பே. ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அந்தப் புள்ளைக்கு நாம சுண்ணாம்புத் தண்ணிதான் குடுத்தோமா?” என்றார். நான் என்ன சொல்வேன்?

முத்திரை உடையாத புதுப் பவுடர் வாங்கினோம். தொட்டியை நிரப்பி 400 கிராம் கரைத்து ஓர் இரவும் பகலும் வைத்து, அந்நீர் முழுவதையும் வெளியேற்றினோம். (கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்கலாகாது, எழும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும். தொண்டர் ஒருவர் கலக்கப்போன வேளையில் ஓடித் தடுத்தேன்.) பின்னர் மீண்டும் கிண்ணங்களை வைத்தோம். குழாய் நீருக்கு முதல் கிண்ணமே நீலம். லாரித் தண்ணீருக்கு நான்காவது. அதாவது 455 லிட்டருக்கு எட்டு கிராம். தொட்டிக்கு 35 கிராம். போட்ட பின் அரை மணி நேரம் எவரும் குழாயைத் தொடக்கூடாது. லாரி வரும்போதெல்லாம் இச்சோதனை நடக்க வேண்டும் என்று தொட்டியருகே எழுதி ஒட்டினோம். பெட்டியை ஆசிரியரே தம் பொறுப்பில் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, குளோரினை முறிக்கும் மருந்து இட்ட குப்பி இரண்டில் குழாய் நீரைப் பிடித்து வைத்தோம். திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் போவதற்கு முன்பே அவர் வந்து, குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் நிறம் மாறவில்லை. எட்டரை மணிக்குப் பிள்ளைகள் வந்தனர். சென்ற ஆண்டு படுத்த சிறுமியும் வந்தாள், தோளில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியோடு.