பொருள், பகை, பரத்தை: வெளிநாட்டு ஆடவரின் உல்லாசப் பயணம் பற்றிய ஒரு நோக்கு

இலங்கைத் தமிழ் வழக்கில் நெடுங்காலம் பயின்றுவந்த சொற்றொடர்களுள் 'உல்லாசப் பயணம்' என்பதும் ஒன்று. 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இத்துறைக்கென ஒரு சபையை நிறுவிய காலத்தில், செய்தித்தாள்களும் அரச அறிக்கைகளும் இச்சொல்லையே ஆண்டன. பின்னர் 'சுற்றுலா' என்ற சொல் அதன் இடத்தைப் பெற்றது. பழைய சொல்லிலே ஒரு நேர்மை இருந்தது என்பது எமது கருத்து. பயணம் செய்பவன் எதை நாடி வருகின்றான் என்பதை அது மறைக்கவில்லை. அந்த உல்லாசத்தை அளிப்பவர் யாவர், எந்நிலையில் நின்று அளிக்கின்றனர் என்ற வினாவை மட்டுமே அது கேளாது விட்டது.

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி எழுவைதீவில் இறங்குபவருக்கு இவ்வினா மிகத் தொலைவில் உள்ளதாகத் தோன்றலாம். பனையும் மீன்பிடியும் வாழ்வாதாரமாகக் கொண்ட மிகச் சிறிய தீவு அது. ஆனால் 2009இன் பின்னர் தீவகம் முழுவதும் உல்லாசப் பயணத்துறையின் அடுத்த களமாகப் பேசப்பட்டு வருகின்றது. நெடுந்தீவின் குதிரைகளும் காரைநகரின் கடற்கரையும் விளம்பரங்களில் இடம்பெறுகின்றன. எனவே, வறுமையும் அரசியல் நெருக்கடியும் சூழ்ந்த பிற நாடுகளின் சிறு நகரங்களுக்கு வெளிநாட்டு ஆடவர் பெண்ணின்பம் நாடிச் செல்லும் வழக்கம் எவ்வாறு உருவானது என ஆராய்வது நமக்கும் உரிய பணியாகும். ஒழுக்கம் பற்றிய உபதேசம் இங்கு எமது நோக்கமன்று.

ஆணின் பயணத்தைப் பற்றி நுணுகிச் சிந்தித்த மரபு நம்முடையது. தலைவியைப் பிரிந்து தலைவன் செல்வதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. ஓதல், பகை, தூது, பொருள் ஆகியன அவற்றுள் அடங்கும். பரத்தையிற் பிரிவு இவற்றினின்று வேறாக, மருதத்திணையின் ஊடலோடு சார்த்திப் பேசப்படும். கடல்வழிச் செலவிலே மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பதையும் அந்நூல் குறிக்கின்றது. ஆயின் கடல் கடந்த ஆண் தனித்தே சென்றான். புகாரின் மருவூர்ப்பாக்கத்திலே யவனரும் பிற புலம்பெயர் மாக்களும் தங்கியிருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. அந்தத் துறைமுகத் தெருக்களில் அவர்களுக்கும் உள்ளூர் மகளிருக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதைப் புலவர் விரித்துரைக்கவில்லை.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. நம் இலக்கண ஆசிரியர் பொருளையும் பகையையும் பரத்தையையும் மூன்று தனிப் பிரிவுகளாகக் கண்டனர். இக்காலத்து உல்லாசப் பயணத்தில் இம்மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஒரு நாட்டைப் போரோ அரசியற் குழப்பமோ நலிவிக்கின்றது. அதன் நாணயம் வீழ்கின்றது. வீழ்ந்த நாணயம் வெளியாரின் சிறு பணத்தைப் பெரும் பணமாக்குகின்றது. பகை பொருளை ஆக்க, அப்பொருள் பரத்தையை ஆக்குகின்றது. நெருக்கடி இருந்தும் இப்பயணி வருகின்றான் என்று பலர் எண்ணுகின்றனர். நெருக்கடி இருப்பதாலேயே அவன் வருகின்றான் என்பதே சரியான விளக்கமாகும்.

இதற்குத் தெளிவான உதாரணமாக ருஷ்யாவின் மாகாண நகரங்களைக் கொள்ளலாம். சோவியத் காலத்தில் வெளிநாட்டார் வருகை 1929இல் அமைக்கப்பட்ட 'இன்டூரிஸ்ட்' நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. மொஸ்கோ, லெனின்கிராட் முதலிய நகரங்களிலே அந்நியச் செலாவணி விடுதிகளைச் சுற்றி இரகசிய வணிகம் நிகழ்ந்தமை உண்மையே. ஆனால் கோர்க்கி, பேர்ம், விளாடிவொஸ்டொக் போன்ற நகரங்கள் படைத்துறைக் காரணங்களால் வெளிநாட்டாருக்கு மூடப்பட்டிருந்தன. விளாடிவொஸ்டொக் திறக்கப்பட்டது 1992 ஜனவரியில். அதே மாதத்தில்தான் ருஷ்ய அரசு விலைக் கட்டுப்பாடுகளையும் நீக்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் விலைகள் ஏறத்தாழ இருபத்தாறு மடங்காயின. கதவு திறந்த வேளையும் வீட்டிலிருந்தோர் சேமிப்பு அழிந்த வேளையும் ஒன்றாயிருந்தமை இப்பொருளை விளங்கிக்கொள்ளத் திறவுகோலாகும்.

மொஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள இவானவோ என்னும் நகரை எடுத்துக்கொள்வோம். நெசவாலைகளாலே வளர்ந்த ஊர் அது. தொழிலாளருட் பெரும்பாலோர் பெண்களாக இருந்தமையால் 'மணப்பெண்களின் நகரம்' என்று அது சோவியத் காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது. அப்பெயரில் அன்று உழைப்பின் பெருமிதமும் கலந்திருந்தது. சோவியத் யூனியன் சிதைந்தபோது மத்திய ஆசியப் பருத்தி வரும் வழி குலைந்தது; ஆலைகள் நின்றன. பிற மாகாண நகரங்களில் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கு வந்த அரச கட்டளைகள் அற்றுப்போயின. ஆசிரியைகளும் வைத்தியர்களும் பொறியியலாளரும் மாதக்கணக்கிற் சம்பளமின்றிப் பணியாற்றினர். 1998 ஓகஸ்ட் 17இல் அரசு கடன் தவணையை நிறுத்தி ரூபிளைக் கைவிட்டபோது, டொலருக்கு ஆறு ரூபிள் என்றிருந்த மாற்றுவீதம் அவ்வாண்டின் இறுதியில் இருபதை எட்டியது.

இந்நிலையிலேதான் மணத்தரகு நிறுவனங்கள் பெருகின. பெண்களின் புகைப்படங்களைத் தொகுத்து அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் உள்ள ஆடவரிடம் விற்றன. ஆடவரைக் குழுக்களாக அழைத்துவந்து விடுதி மண்டபங்களிற் சந்திப்பு மாலைகள் நடத்தின. பெருநகரங்களை விட மாகாண நகரங்கள் தரகருக்கு உவப்பானவையாக இருந்தமைக்குக் காரணம் எளிது. அங்கு செலவு குறைவு, வேலை வாய்ப்பும் குறைவு, வெளிநாட்டார் அரிதாகையால் அவர் மதிப்பு அதிகம். தன் ஊரில் நடுத்தர வருமானம் பெறும் ஒரு தொழிலாளி அங்கே செல்வந்தனானான். பயணி விலை கொடுத்து வாங்கியது பெண்ணின் நேரத்தை மட்டுமன்று, தன் சமூகத்தில் தனக்குக் கிட்டாத ஒரு தகுதியையும் அவன் வாங்கினான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அப்பெண்கள் அனைவரையும் ஏமாற்றப்பட்ட பேதையராகக் காட்டுவது முற்போக்கான பார்வையாகாது. பலர் நன்கு கணக்கிட்டே முடிவெடுத்தனர். நல்ல இல்லறம் பெற்றோரும் உளர். திருமணம் நாடி வந்த ஆடவனையும் காசு கொடுத்து உடலை வாங்க வந்தவனையும் ஒரே தட்டில் வைத்தலும் தகாது. ஆயினும் இருவரும் ஒரே மாற்றுவீதத்தின் பயனைத் துய்த்தனர் என்பதை மறுக்க முடியாது. தரகு வணிகத்தின் தீமையை முதலில் உணர்ந்து சட்டம் செய்த நாடுகளுள் பிலிப்பைன்ஸ் ஒன்று. 1990இல் அது தபால்வழி மணத்தரகைத் தடைசெய்தது. அமெரிக்கா 2006இல் இயற்றிய சட்டம், ஆடவனின் குற்றப் பின்னணியைப் பெண்ணுக்குத் தெரிவித்து அவள் இசைவு பெற்ற பின்னரே அவள் முகவரியைத் தரலாம் என்று தரகரைக் கட்டுப்படுத்தியது.

2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது ருஷ்யா படையெடுத்த பின்னர் இப்பயணத்தின் புறநிலை மாறியது. ஐரோப்பிய நேரடி விமானங்கள் நின்றன. மேற்குநாட்டுக் கடனட்டைகள் அங்கு செல்லாதனவாயின. எனினும் பாதை அடைபடவில்லை. இஸ்தான்புல், துபாய் வழியாக அது வளைந்து சென்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் படைக்கு ஆட்சேர்ப்பு அறிவிக்கப்பட்டபோது மாகாண நகரங்களே பெருஞ்சுமையைத் தாங்கின. ஆண்கள் போர்முனைக்கும் புறநாட்டுக்கும் போய்விட்ட ஊர்களில் பெண்கள் 'மிஞ்சியிருக்கின்றனர்' என்ற எண்ணம் எளிதிற் பிறப்பது. அந்த எண்ணத்தின் கொடுமையை ஈழத்து வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. யுத்தத்தில் கணவரை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010இல் அரசதரப்பிலிருந்தே ஓர் எண்ணிக்கை வெளியிடப்பட்டது. அவ்வெண்ணிக்கை இரக்கத்தோடு பேசப்பட்ட மேடைகளிலேயே ஐயத்தோடும் பேசப்பட்டதை நாம் கேட்டிருக்கின்றோம்.

இப்பயணம் தானாக வளர்வதில்லை. அரசுகளே அதற்குக் களம் அமைக்கின்றன. தாய்லாந்து 1960இல் விபசாரத்தைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் 1966இல் 'கேளிக்கை நிலையங்கள்' என்ற பெயரில் அதற்கு அனுமதிப்பத்திரம் வழங்க வழிசெய்தது. மறுவருடம், வியட்நாமிற் போரிட்ட அமெரிக்கப் படையினரின் ஓய்வுக்கால விடுமுறைக்கு இடமளிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. மீனவர் வாழ்ந்த பட்டாயா அவ்வாறே மாறியது. படையினர் அகன்ற பின் அவர்கள் விட்டுச்சென்ற விடுதிகளை உல்லாசப் பயணிகள் நிரப்பினர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1966இன் பின் நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை ஆகிய கடலோர ஊர்கள் அந்நியச் செலாவணியின் பெயரால் வளர்க்கப்பட்டன. 1982இல் ஏறத்தாழ 4 இலட்சத்து 7 ஆயிரம் பயணிகள் வந்தனர். 1983 யூலையில் தமிழருக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தன. 1987இல் வந்தோர் தொகை 1 இலட்சத்து 83 ஆயிரமாகச் சுருங்கியது. குடும்பத்தோடு வருவோர் அஞ்சி விலகும்போது, மலிவையும் சட்டத்தின் தளர்வையும் நாடுவோருக்கு அத்தகைய கரை வசதியாகின்றது. அக்கரைகளில் உள்ளூர் இளைஞரும் சிறுவரும் வெளிநாட்டாரிடம் சிக்கியமை அக்காலத்திலேயே வெளிவந்தது. சிறுவரைப் பொறுத்தவரை இதனைப் பயணம் என்று பேசுவதே தவறு, அது குற்றம். ஆசிய உல்லாசப் பயணத்திற் சிறுவர் சுரண்டப்படுவதற்கு எதிரான 'எக்பாட்' இயக்கம் 1990இல் தோன்றிய பின்னர், இலங்கையில் 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. இவை நடந்தேற மூன்று தசாப்தங்கள் சென்றன என்பதை மறத்தலாகாது.

வளர்ந்தோர் விடயத்தில் நம் சட்டம் இன்னும் பழையது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் குடியேற்ற ஆட்சியின் படைப்புகள். அவற்றுக்கு இடையில், 1867இல், தொற்றுநோய் பற்றிய கட்டளைச் சட்டமொன்று கொண்டுவரப்பட்டது. பிரித்தானியப் படையினருக்கு நோய் பரவாதிருக்கும் பொருட்டு உள்ளூர்ப் பெண்களைக் கட்டாய வைத்திய சோதனைக்கு உட்படுத்தும் ஏற்பாடு அது. படையினன் சோதிக்கப்படவில்லை. அச்சட்டம் மறைந்தது, அதன் மனப்பான்மை மறையவில்லை. தெருவில் நின்ற குற்றத்துக்காகப் பெண் கைதாகின்றாள்; விலை கொடுத்தவன் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. ருஷ்யச் சட்டமும் இவ்வகையில் வேறுபட்டதன்று. அங்கும் பெண்ணுக்குத் தண்டம் உண்டு, வாங்குபவனுக்கு இல்லை. இந்தப் பார்வையை 1999இல் முதன்முதலாகத் திருப்பியது சுவீடன். 2009இல் நோர்வே அதனைப் பின்பற்றியதோடு, தன் குடிமகன் வெளிநாட்டிற் சென்று வாங்கினாலும் குற்றமே என்று விதித்தது. இச்சட்டங்களால் அத்தொழிலில் உள்ள பெண்களுக்கு ஆபத்து கூடுகின்றது என்று வாதிடுவோர் உளர்; அவ்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் பயணியைக் கண்ணுக்குத் தெரியும் ஆளாக்கியமை இவற்றின் பயன் என்போம்.

பயணத்தின் திசையும் இங்கே நோக்கத்தக்கது. 2022 ஏப்ரலில் இலங்கை கடன் தவணையை நிறுத்தியது. டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த வீதம் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஈராண்டுக்குள் போரிலிருந்து விலகிய ருஷ்யர் உட்பட ஏறத்தாழ 2 இலட்சத்து 88 ஆயிரம் ருஷ்யர் இங்கு வந்தனர் என 2024இல் அறிவிக்கப்பட்டது. அவருட் பெரும்பாலோர் அடைக்கலமும் கடலும் தேடி வந்தவரே. அவர்மீது வேறு பழி சுமத்துவது முறையன்று. ஆனால் அவ்வாண்டு பெப்ரவரியில் உனவட்டுனவிலே வெள்ளைத் தோலுடையோருக்கு மட்டும் என ஒரு விருந்து விளம்பரப்படுத்தப்பட்டு, எதிர்ப்பினாற் கைவிடப்பட்டமை, மாற்றுவீதம் மனிதரிடை எத்தகைய படிநிலையை உண்டாக்குகின்றது என்பதைக் காட்டியது. அதே 2024இல் ஐரோப்பா செல்லப் புறப்பட்ட வடபுலத்து இளைஞர் சிலர் வஞ்சிக்கப்பட்டு ருஷ்யப் படையிற் சேர்க்கப்பட்டனர் என்று உறவினர் முறையிட்டனர். போரினின்று விலகியவன் தென்கரையிற் பயணியானான். போர் என்றறியாது சென்ற நம் இளைஞன் அவன் விட்டுவந்த போர்முனையில் நின்றான்.

பெண்ணின் பயணமோ வேறு கணக்கு. மத்தியகிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் தாய், தன் குடும்பப் பின்னணி பற்றி அரச அலுவலர் தரும் அறிக்கையைப் பெறவேண்டும் என்று 2013இல் இலங்கை அரசு விதித்தது. 2022இல் அது தளர்த்தப்பட்டது. இந்நாட்டுக்கு உல்லாசம் நாடி வரும் ஆடவனிடம் அவன் குடும்பப் பின்னணியை எந்த அரசும் வினவியதில்லை.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான நீரிணையில் கடற்கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. 1971 கிளர்ச்சியின் பின் கைதிகள் அதில் அடைக்கப்பட்டனர். யுத்தத்தின் பின்னர் கடற்படையினர் அதனை உல்லாச விடுதியாக நடத்தலாயினர். சிறை விடுதியாவதும் படையினர் விருந்தோம்புவோராவதும் நம் கண்முன் நிகழ்ந்தவை. பட்டாயாவைப் பற்றிப் படிக்கையில் எமக்கு நினைவில் எழுவது இக்கோட்டையே. இரண்டும் ஒன்றென்று கூறுவது எமது கருத்தன்று; பகையும் பொருளும் ஒரே கூரையின் கீழ் வந்துள்ளன என்பதையே குறிக்கின்றோம்.

தீவகத்துக்கான திட்டங்கள் இறங்குதுறைகளையும் படகுகளையும் படுக்கைகளையும் கணக்கிடுகின்றன. விடுதி வந்தால் அதன் சலவைக்கும் சமையலுக்கும் செல்லப்போவோர் பெரும்பாலும் ஆண் துணையற்ற வீடுகளின் பெண்கள். அவர்களின் நாட்கூலி எவ்வளவு, இரவு வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்புவது எவ்வாறு, தீங்கு நேர்ந்தால் முறையிடுவது எங்கே என்பன அத்திட்டங்களில் முதலில் எழுதப்படவேண்டியவை. எழுவைதீவுப் பெண்ணொருத்தி நீதிமன்றத்தை நாடவேண்டுமாயின் ஊர்காவற்றுறைக்குப் படகேற வேண்டும். வாடை பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் நாட்களில் அப்படகும் ஓடுவதில்லை.