திரும்பி வருபவனுக்கு ஒரு வாயில்

குற்றம் செய்தவன் தண்டனை அடைய வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், தண்டனைக்குப் பின் அவன் நிலை யாதாகும் எனச் சிந்திப்போர் மிகச் சிலரே.

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வயல்வேலை ஓய்ந்த மாதங்களில் கூலி கிடையாத ஒருவன், கசிப்புக் காய்ச்சிப் பிடிபடுகிறான். தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறை செல்கிறான். நம் நாட்டுச் சிறைகளில் இவ்வாறு அடைபடுவோர் பெருந்தொகையினர். வீட்டிலே மனைவி கடன்படுகிறாள். சில மாதங்களில் அவன் திரும்புகிறான். வேலை கொடுப்பார் இல்லை. பழைய பானையும் பழைய கூட்டாளிகளுமே அவனை வரவேற்கின்றனர். மறுபடி அவன் பிடிபட்டதும், "நாங்கள் அப்பவே சொன்னோம்" என்கிறோம்.

இச்சுழலை அறுக்கச் சட்டத்திலே வழி உண்டு. 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாது, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வாழவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறைக்குப் பதிலாகச் சம்பளமற்ற பொதுப்பணி, தொழிற்பயிற்சி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை ஆகியவற்றை விதிக்க இடமளித்தது. பகலிலே பொதுப்பணி செய்பவன் இரவிலே தன் பிள்ளைகளுடன் உண்டு உறங்குகிறான், குடும்பம் சிதைவதில்லை.

இம்முறைக்கு வித்திட்டவர் நீதிபதியுமல்லர், அதிகாரியுமல்லர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சப்பாத்துத் தைத்து வாழ்ந்த ஜோன் ஓகஸ்ரஸ் என்பவரே அவர். 1841இல், குடித்ததற்காக நிறுத்தப்பட்ட ஒருவனை அவர் பிணையெடுத்தார். மூன்று வாரத்தின் பின் அவனை மன்றுக்கு அழைத்து வந்தபோது அடையாளமே தெரியாதவாறு அவன் மாறியிருந்தான். நீதிபதி ஒரு சதமும் வழக்குச் செலவுமே விதித்தார். 1859இல் இறக்கும்வரை ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு ஓகஸ்ரஸ் பிணை நின்றார். பலருக்கு வேலையும் தேடிக் கொடுத்தார்.

இங்கே எமது குறையொன்றையும் சொல்லவேண்டும். எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் திடீரெனப் பாடசாலைக்கு வருவதை நிறுத்தினான். தந்தை சிறையிலிருப்பதைச் சக மாணவர் சொல்லிக்காட்டினர் என்பதைக் காலந்தாழ்த்தியே அறிந்தோம். தேடிச் சென்றபோது, அவன் கள்ளமாக மணல் ஏற்றும் உழவு இயந்திரமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தந்தைக்கு மூடிய வாயில் மகனுக்கும் மூடிவிட்டது. அதை மூடிய கைகளுள் எமது கையும் ஒன்று.

உத்தியோகத்தர் சந்திப்பது மாதத்தில் சில மணி நேரமே. மற்றைய நாளெல்லாம் அவன் அயலவரிடையே வாழ்கிறான். கமக்காரர் அமைப்பு அறுவடைக்கு அவனையும் அழைக்கலாம். கோயிற் சிரமதானத்தில் அவனுக்கும் ஒரு மண்வெட்டி கொடுக்கலாம். மாணவர்களே, அவன் பிள்ளையை உங்கள் வாங்கில் உட்காரச் செய்யுங்கள்.

2009இல் போர் ஓய்ந்து மீளக்குடியேறியபோது வன்னியில் எவரும் தனியே எழுந்து நிற்கவில்லை. ஒருவர் பற்றை வெட்ட, மற்றவர் கூரை வேய, அதன் பின்னரே வீடுகளில் விளக்கெரிந்தது. அந்தக் கைகளைத் தவறிழைத்துத் திரும்புபவனுக்கும் நீட்டுவோமாக.