ஊருக்குப் போய் வந்தாலும் வாடாத தோட்டம்

தில்லியில் தொட்டிச் செடி வளர்க்கும் நம்மவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் துக்கம் ஒன்று உண்டு. மே மாத நடுவில் பள்ளிக்கூடம் மூடியதும் குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏறி விடுகிறோம். ஜூன் கடைசியில் திரும்பி வந்து மாடிக் கதவைத் திறந்தால், தொட்டிகளில் வெடித்த மண்ணும் சுள்ளியும்தான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியுமா? அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தால்தானே நம் செடிக்கு ஊற்றுவார்!

கோளாறு நாம் தேர்ந்தெடுக்கும் செடிகளில்தான் இருக்கிறது. அக்டோபரில் ஆசை ஆசையாக நடும் பெட்டூனியா, பான்ஸி, ஃப்ளாக்ஸ் எல்லாம் ஒரு பருவச் செடிகள். பிப்ரவரியில் கண்ணைப் பறிக்கும். ஏப்ரல் வெயிலோடு ஆயுள் முடிந்துவிடும். 'லூ' என்னும் அனல்காற்றைத் தாங்க, வேரில் உயிரைச் சேமித்து வைக்கும் பல்லாண்டுச் செடிகளும் புற்களும் வேண்டும்.

முதலிடம் நம் வெட்டிவேருக்கு. ஆங்கிலத்தில் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரே தமிழிலிருந்து போனதுதான். கூலர் வருவதற்கு முன் இங்கே வாசலில் தொங்கவிட்டு நீர் தெளித்த 'கஸ் தட்டி'யும் இதே வேர்தான். தரையில் நட்டால் வேர் 3 மீட்டர் ஆழம் வரை இறங்கும். மேல்மண் காய்ந்தாலும் பச்சை மாறாது. தென்னாட்டு ரகம் முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே கண்ட இடத்தில் முளைத்துக் களையாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். மாடியில் வளர்ப்பவர்கள் ஆழமான டிரம்மில் நடலாம்.

அடுத்தது எலுமிச்சைப் புல். அழகுக்கும் ஆயிற்று, தேநீருக்கும் ஆயிற்று. காற்றில் அசையும் செந்நிறக் கதிர் வேண்டுமென்றால் ஃபவுண்டன் கிராஸ் என்று நர்சரியில் கேளுங்கள்.

பூக்களில் நித்தியகல்யாணிக்கு ஈடில்லை. இங்கே 'சதாபஹார்' என்றால்தான் மாலிக்குப் புரியும். இதற்குத் தண்ணீர் குறைந்தாலும் பாதகமில்லை, தேங்கினால்தான் அழுகும். இதுவும் அரளியும் நஞ்சுள்ளவை என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை. ஃபுட்பால் லில்லியின் கிழங்கு குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தூங்கி, மே மாத வாக்கில் சிவப்புப் பந்தாகப் பூக்கும். மழை லில்லியோ முதல் மழைக்குக் காத்திருந்து மலரும்.

நடுவதற்கு ஏற்ற காலம் பிப்ரவரிக் கடைசியும் ஜூலையும். மே மாதத்தில் நட்டால் வேர் பிடிக்குமுன் கருகிவிடும். குளிரில் புற்கள் பழுத்துப்போனால் செத்துவிட்டதென்று பிடுங்க வேண்டாம். பிப்ரவரிக் கடைசியில் ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துவிட்டால் மார்ச்சில் துளிர்க்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்கியதும் தூரைப் பிரித்து நடுங்கள். இல்லையேல் நடுப்பகுதி பட்டுப்போகும்.

ஊருக்குக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை சில. தொட்டிகளை மேற்கு வெயில் படாத சுவரோரம் நெருக்கி வையுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு பரப்புங்கள். கடும் வெயிலில் உரம் போடாதீர்கள். எவ்வளவு கெட்டியான செடியானாலும் தொட்டியில் இருப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் தினமும் இரண்டு வேளை என்று அவரை வதைக்க வேண்டியதில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் ஊரில் இது சின்ன விஷயமா?

வேரூன்ற ஒரு வருஷம் பொறுங்கள். அடுத்த கோடையில் நீங்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போகும்போது, கொஞ்சம் வாடியிருந்தாலும் உயிரோடு ஒரு தோட்டம் காத்திருக்கும். தூரைப் பிரிக்கும் ஆண்டில் கிடைக்கும் வெட்டிவேரை நன்றாக அலசி, நிழலில் உலர்த்தி, மண்பானைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். அந்த வாசனையில், விட்டு வந்த ஊர் இன்னும் நாலு நாள் கூடவே இருக்கும்.