உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா? குறைமாதக் குழந்தைகளின் மூளையைக் காக்கும் சவால்

திருவனந்தபுரம்: சிசு மரணத்தைக் குறைப்பதில் நாட்டுக்கே முன்னோடியாக விளங்கும் கேரளம், அதனினும் கடினமான கேள்வி ஒன்றை இப்போது எதிர்கொண்டுள்ளது. பிழைத்தெழும் குறைமாதக் குழந்தைகளின் மூளையையும் பழுதின்றிக் காக்க முடியுமா என்பதே அது.

மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 2020-ஆம் ஆண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவை தேசிய அளவில் 28, தமிழகத்தில் 13, கேரளத்தில் 6 மட்டுமே. 2023-இல் தேசிய விகிதம் 25 ஆகவும், கேரளத்தின் விகிதம் 5 ஆகவும் குறைந்தது. வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்றவை கட்டுக்குள் வந்த மாநிலத்தில் எஞ்சி நிற்கும் பெரும் சவால்கள் குறைப்பிரசவமும் பிறவிக் குறைபாடுகளும்தான்.

2020-இல் உலகெங்கும் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைகள் சுமார் 1.34 கோடி. அவர்களுள் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். எந்த நாட்டிலும் இந்த எண்ணிக்கை இவ்வளவு அதிகமில்லை.

முதிராத மடை: வளர்ந்த மனிதரின் ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குச் செல்லும் ரத்தத்தின் அளவு பெரிதும் மாறுவதில்லை. அழுத்தம் கூடினால் மூளையின் ரத்த நாளங்கள் சுருங்குகின்றன, குறைந்தால் விரிகின்றன. ஆற்றில் வெள்ளம் வந்தாலும் வயலுக்கு அளவாகவே நீர்விடும் மடையைப் போன்றது இந்த ஏற்பாடு.

குறைமாதக் குழந்தையிடம் இந்த மடை முதிர்ந்திருப்பதில்லை. நோயுற்ற பச்சிளங் குழந்தைகளிடம் இந்தக் கட்டுப்பாடு குலைந்து, ரத்த அழுத்தத்தின் போக்கிலேயே மூளையின் ரத்த ஓட்டமும் ஏறி இறங்குவதை டென்மார்க் மருத்துவர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

மூளையின் உள்ளறைகளை ஒட்டிய பகுதியில் உள்ள நுண்நாளங்கள் அப்பருவத்தில் மிக மெல்லியவை. ரத்தம் திடீரெனப் பாய்ந்தால் அவை வெடித்துக் கசிகின்றன. ஓட்டம் குறைந்தாலோ, அருகிலுள்ள வெண்பொருள் பட்டினி கிடந்து சிதைகிறது. கரியமில வாயு மிகுந்தால் நாளங்கள் விரியும். குறைந்தால் சுருங்கும் என்பதால், செயற்கை சுவாசக் கருவியை இயக்குவதிலும் கவனம் தேவை. கசிவுகளில் பெரும்பாலானவை பிறந்த முதல் 72 மணி நேரத்திற்குள் நேர்கின்றன. பின்னாளில் கை, கால் இயக்கக் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவற்றுக்கு இவை வித்திடக்கூடும்.

கருவியா, கைப்பக்குவமா?: மூளையின் ஆக்சிஜன் அளவை அகச்சிவப்பு ஒளியால் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகள் வந்துள்ளன. ஆனால் 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அந்தக் கருவியின் துணையுடன் சிகிச்சை அளித்ததால் மரணமோ கடும் மூளைப் பாதிப்போ குறையவில்லை.

மாறாக, எளிய வழிமுறைகளே பலன் தருகின்றன. குறைப்பிரசவ அபாயமுள்ள தாய்க்கு உரிய நேரத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவது மூளை ரத்தக்கசிவையும் குறைக்கிறது. கிராம சுகாதார செவிலியர்களே முதல் ஊசியைப் போட மத்திய அரசு 2014-இல் வழிவகுத்தது. தொப்புள்கொடியை உடனே துண்டிக்காமல் சிறிது நேரம் காத்திருப்பதும் நன்மை தரும். ஆனால் கொடியைப் பிழிந்து ரத்தத்தை விரைந்து செலுத்தியபோது, 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளிடம் கடும் ரத்தக்கசிவு அதிகரித்ததாக 2019-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது.

திருவனந்தபுரத்தின் பங்களிப்பு: இந்நகரின் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை, தாய்-சேய் நலத்துக்கென 1952 முதல் இயங்கி வருகிறது. அதே வளாகத்தில் உருவான குழந்தை வளர்ச்சி மையம், 1991-இல் 17 அம்சங்கள் கொண்ட வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணையை வெளியிட்டது. குழந்தை தலை நிற்கிறதா, உட்காருகிறதா, நடக்கிறதா என்பன போன்றவற்றை வயதோடு ஒப்பிட்டு, சிறு பயிற்சி பெற்ற ஊழியர்கூட சில நிமிடங்களில் கணித்துவிடலாம். விலையுயர்ந்த கருவி ஏதும் தேவையில்லை. "திருவனந்தபுரம் அட்டவணை" என்றே அது மருத்துவ உலகில் அறியப்படுகிறது.

பாதிப்பை முன்கூட்டியே கண்டறிந்தால், மூளை வேகமாக வளரும் முதல் ஈராண்டுக்குள் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றைத் தொடங்க இயலும். மாவட்ட அளவில் இதற்கான மையங்களை அமைக்க 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டம் வகை செய்கிறது.

கணக்கில் வராதவர்கள்: பச்சிளங் குழந்தைகளின் இறப்பு விகிதத்தை 2030-க்குள் ஒற்றை இலக்கமாக்குவது 2014-ஆம் ஆண்டின் தேசிய செயல் திட்டத்தின் இலக்கு. "உயிர் பிழைத்த பிறகான பராமரிப்பு" அதன் ஆறு தூண்களில் ஒன்று. ஆயினும் மாநிலங்களை வரிசைப்படுத்தும்போதும், சட்டப்பேரவைகளில் விவாதிக்கும்போதும் முன்வைக்கப்படுவது பெரும்பாலும் இறப்பு விகிதமே.

தமிழகமும் ஒற்றை இலக்கத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்பதோடு, அவற்றுள் எத்தனை இரண்டு வயதில் நடக்கின்றன, பேசுகின்றன என்பதையும் அரசுகள் ஆண்டுதோறும் வெளியிட்டால்தான், தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் செலவிடும் பணத்தின் முழுப் பயன் மக்களுக்குத் தெரியவரும்.